காயம்பட்ட விலங்கும் தவறான குண்டும்

கல்வராயன் மலையில் துப்பாக்கி என்றால் அது பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கிதான். குழல்வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, கிட்டித்து, அதன்மேல் பால்ரஸ் குண்டுகளைப் போட்டுச் சுடும் ஆயுதம் அது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அதைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உரிமம் இருக்கிறதா இல்லையா என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒப்படைத்துவிடுங்கள் என்று காவல் துறை அறிவிக்கும். சில துப்பாக்கிகள் வந்து சேரும், சில வராது. அதிலிருந்து கிளம்பும் குண்டு குறிவைத்த விலங்கை அங்கேயே சாய்க்குமா, காயப்படுத்தி விரட்டிவிடுமா என்ற கேள்வி மட்டும் இந்தப் பேச்சில் வருவதே இல்லை. ஆபத்தான விலங்கு விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். ஏறத்தாழ இருநூறு ஆண்டு வேட்டை அனுபவத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகவே கிடைக்கிறது: துப்பாக்கி எவ்வளவு பெரியது, வெடி எவ்வளவு வலுவானது என்பவை இரண்டாம்பட்சம், குண்டு உடையாமல், திசை மாறாமல், உயிர்நிலை வரை போய்ச் சேர்கிறதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சேராத குண்டு விலங்கை விட்டுவைப்பதில்லை. அதை இன்னும் ஆபத்தானதாக மாற்றிக் காட்டுக்குள் திருப்பி அனுப்புகிறது.

வேட்டையே தடைசெய்யப்பட்ட நாட்டில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 9ஆம் பிரிவில் வேட்டையைத் தடுத்தாலும், 11ஆம் பிரிவில் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை உயிரோடு பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ வேறிடம் மாற்றவோ முடியாது என்றால், அதைச் சுட மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக உத்தரவிடலாம். 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பகுதியில் மூன்று பேரைக் கொன்ற புலி சுட்டுக் கொல்லப்பட்டது. 2021இல் மசினகுடிப் பக்கம் தேடப்பட்ட டி23 புலி மூன்று வாரத் தேடுதலுக்குப் பின் உயிரோடு பிடிபட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு மூன்று எல்லைகள் வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். கல்வராயன் அடிவாரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் நிற்கும் சமவெளியில் பெரும்பகுதி இந்த மூன்றாவது எல்லைக்குள்தான் வரும். ஆக, இங்கே சட்டப்படியே குண்டுகள் சுடப்படப் போகின்றன. எந்தக் குண்டு என்று கேட்பது வேட்டை மோகம் அல்ல, நிர்வாகக் கடமை.

உருண்டை ஈயத்தின் காலம்

இந்தக் கேள்விக்கான முதல் பெரிய சோதனைக்களம் இலங்கை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலைநாட்டுக் காடுகள் காப்பித் தோட்டங்களாக மாறியபோது, யானையைக் கொல்வது அங்கே சன்மானம் தந்து ஊக்குவிக்கப்பட்ட வேலை. மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் என்ற அதிகாரி ஒருவர் மட்டும் ஏறத்தாழ 1,400 யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். பின்னர் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1854இல் வெளியிட்ட தம் இலங்கை வேட்டை நூலில் துப்பாக்கியையும் குண்டையும் பற்றி விரிவாக எழுதினார். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் கடையில் அவர் செய்வித்த ரைபிளின் எடை 21 பவுண்டு, அதாவது சுமார் ஒன்பதரைக் கிலோ. தோளில் வைத்துச் சுடும் ஆயுதத்துக்கு இவ்வளவு எடை எதற்கு? அந்தக் காலத்து ஈயக்குண்டு உருண்டையாக இருந்ததுதான் காரணம்.

ஒரு குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதை அறியப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். குண்டின் எடையை அதன் முகப்பின் பரப்பால் வகுத்தால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னாலிருந்து தள்ளும் எடை எவ்வளவு என்று தெரியும். ஒரே கை ஒரே வேகத்தில் போட்டாலும் கடப்பாரை இறங்கும் ஆழத்துக்கு மண்வெட்டி இறங்குவதில்லை என்பதுதான் இதன் சாரம். நீளமான குண்டில் முகப்பைப் பெரிதாக்காமலேயே எடையைக் கூட்ட முடியும். உருண்டைக்கு அந்த வசதி கிடையாது. எடை கூட வேண்டுமானால் முழு உருண்டையும் பெருத்தாக வேண்டும். ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வார்த்தால் கிடைப்பது 12-போர் குண்டு: சுமார் 38 கிராம், பதினெட்டரை மி.மீ. விட்டம். அதில் சதுர மி.மீட்டருக்கு வருவது சுமார் 140 மில்லிகிராம். ஒரு பவுண்டுக்கு நான்கே உருண்டை வார்த்தால் அது 4-போர்: 113 கிராம், ஏறத்தாழ 27 மி.மீ. விட்டம். அதில் சதுர மி.மீட்டருக்கு 200 மில்லிகிராம்தான். எடை மூன்று மடங்கான பிறகும் ஊடுருவும் திறனுக்கான அளவு ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. பேக்கரும், பிறகு மைசூர்க் காடுகளில் யானை பிடிக்கும் பணியிலிருந்த ஜி. பி. சாண்டர்சனும் தோள் நோக 4-போரையும் 8-போரையும் சுமந்தது வீரத்தைக் காட்டுவதற்காக அல்ல. யானையின் மண்டைக்குள் உருண்டையைச் செலுத்த அவர்கள் காலத்தில் வேறு வழி இல்லை.

இன்னொரு பாடத்தையும் அவர்கள் கற்றிருந்தார்கள். சுத்த ஈயம் எலும்பில் பட்டதும் தட்டையாகிவிடும். தட்டையானால் முகப்பு விரியும், ஆழம் குறையும். எனவே யானைக்கான குண்டில் வெள்ளீயம் சேர்த்து இறுக்கினார்கள். புலிக்கோ இதற்கு நேர்மாறு. 1856 வாக்கில் பர்டி கம்பெனி ‘எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்த வகையில் இலேசான குண்டு, அதிக மருந்து, அதிக வேகம். பல குண்டுகளின் முனை உள்ளீடற்றது. மானுக்கு அது அருமையாக வேலை செய்தது. புலியின் தோள் எலும்பில் பட்டபோது அங்கேயே பொடிந்து, மேலோட்டமாகப் பெரிய புண்ணை மட்டும் உண்டாக்கியது. 1890இல் வந்த தம் கடைசி நூலில் பேக்கர் இந்த உள்ளீடற்ற குண்டைக் கடுமையாகக் கண்டித்து, புலிக்கு .577 அங்குல ரைபிளில் கெட்டியான சுத்த ஈயக் குண்டையே பரிந்துரைத்தார். அது எலும்பை உடைத்து, அளவாக விரிந்து, எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் போய் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மத்திய இந்தியக் காடுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபோர்சித் 1863இல் உருண்டைக்கு ஆதரவாகவே ஒரு நூல் எழுதினார். குண்டின் வடிவத்தில் அவர்கள் முரண்பட்டார்கள். ஆனால் எந்த விலங்கு, எவ்வளவு ஆழம் என்று கேட்டுவிட்டே குண்டைத் தேர வேண்டும் என்பது அந்த விவாதம் முழுவதற்கும் அடிப்படையாக இருந்தது.

உறையிட்ட குண்டு வந்தபின்

புகையற்ற வெடிமருந்து வந்ததும் குண்டின் வேகம் கூடியது. வெறும் ஈயம் அந்த வேகத்தில் குழலுக்குள்ளேயே வழித்துக்கொண்டு போனது. ஈயத்தைச் செம்பு கலந்த உலோக உறைக்குள் இட்டார்கள். முனைவரை முழுதும் உறை மூடியிருந்தால் அது கெட்டிக் குண்டு. விரியாது, ஆழம் போகும். முனையில் ஈயம் வெளியே தெரிந்தால் அது மென்முனைக் குண்டு, பட்டதும் விரியும். இந்த இரண்டுக்கும் நடுவேயான அரசியல் நம் நாட்டில்தான் நடந்தது. 1890களில் வடமேற்கு எல்லைப் போர்களில் முழு உறையிட்ட .303 குண்டு போதவில்லை என்று படையினர் முறையிட, கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் கேப்டன் பெர்ட்டி கிளே முனை திறந்த குண்டை உருவாக்கினார். 1899இல் ஹேக் மாநாடு, விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. அன்றிலிருந்து ராணுவத் தோட்டா என்றாலே முழு உறையிட்டது என்றாயிற்று. ராணுவத்தின் வழியில் ஆயுதம் பெறும் காவல் துறைகளுக்கும் அந்த வகையே வந்து சேர்ந்தது. மனிதனிடம் இரக்கம் காட்ட உருவான அந்த விதி, புலியைச் சுட வேண்டிய இடத்தில் எப்படித் தலைகீழாகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

துப்பாக்கியின் அளவை விலங்குதான் தீர்மானிக்கிறது என்று நம்புவதும் பாதி உண்மைதான். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், கலகக்காரர்கள் கையிலிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களுக்குத் தோட்டா கிடைத்துவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் இந்திய அரசு .450 அளவைத் தடைசெய்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக லண்டன் கம்பெனிகள் உருவாக்கியவைதான் .465, .470 போன்ற அளவுகள். வெயிலும் ஒரு காரணியாக இருந்தது. அந்நாளைய கார்டைட் என்ற புகையற்ற மருந்து சூட்டில் அழுத்தத்தை ஏற்றிவிடும். சுட்ட தோட்டாவின் கூடு அறைக்குள் சிக்கிக்கொள்ளும். பாயும் விலங்கின் முன்னால் இரண்டாவது வேட்டு இல்லாமல் போகும். அதனால் இந்தியாவுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்கள் தனியாக விற்கப்பட்டன. அதே கார்டைட்டுக்காகத்தான் நீலகிரி அருவங்காட்டில் தொழிற்சாலை எழுந்தது. ஊட்டிக் குளிரில் சோதித்த தோட்டா உளுந்தூர்பேட்டையின் சித்திரை வெயிலிலும் அப்படியே நடந்துகொள்ளும் என்று அன்றைக்கு யாரும் உறுதி தர முடியாது.

பெல் சொன்ன எதிர்வாதம்

பெரிய குண்டுதான் வேண்டும் என்ற கட்சிக்கு மிகப் பெரிய சவால் டபிள்யூ. டி. எம். பெல். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், பெரும்பாலானவற்றை .275 ரிக்பி என்ற மெலிந்த ரைபிளால் கொன்றார். அதன் குண்டு சுமார் 11 கிராம். ஆற்றல் 2,750 ஜூல் அளவு. பெரிய ரைபிளான .470இல் குண்டு 32 கிராம், ஆற்றல் ஏறத்தாழ 7,000 ஜூல். ஆற்றலில் இரண்டரை மடங்கு வித்தியாசம் இருந்தும் இரண்டும் யானையைச் சாய்த்திருக்கின்றன. இதை மந்திரம் என்று விட்டுவிடாமல் முன்பு போட்ட கணக்கையே இங்கும் போட்டுப் பார்க்கலாம். .470 குண்டின் முகப்பில் சதுர மி.மீட்டருக்குச் சுமார் 283 மில்லிகிராம். பெல்லின் குண்டில் 274. ஆபத்தான விலங்குகளுக்கு உலகெங்கும் நம்பப்படும், 1912இல் வந்த .375இல் 272. மூன்றும் ஏறக்குறைய ஒரே எண். எனவே மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆழம் போகின்றன. பெல் பயன்படுத்தியது முழு உறையிட்ட, நீண்ட, முனை மழுங்கிய குண்டு. கூர்முனைக் குண்டு சதைக்குள் போனதும் பின்பாரத்தால் புரண்டு திசை மாறும். மழுங்கிய முனை நேராகப் போகும். துப்பாக்கி சிறியதாக இருந்தாலும், ஆழத்துக்கு வேண்டிய எல்லாம் அந்தக் குண்டில் இருந்தது.

அப்படியானால் சிறிய ரைபிளே போதுமே என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பெல் யானையின் மண்டையை உள்ளும் புறமும் படித்தவர்; கலையாமல் நிற்கும் யானையை, தாமே தேர்ந்த கோணத்தில், மூளையைக் குறிவைத்துச் சுட்டவர். பாய்ந்து வரும் விலங்கு கோணத்தைத் தேர விடாது. மூளைக்கு நான்கு விரற்கடை தள்ளிப் பட்டால் சிறிய குண்டு யானையை உலுக்கக்கூடச் செய்யாது. பெரிய குண்டு அதைத் தடுமாறவைத்து இரண்டாவது வேட்டுக்கு நேரம் வாங்கித் தரும். ஜான் டெய்லர் 1948இல் தம் நூலில் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கிப் போட்ட ‘வீழ்த்து மதிப்பு’ இந்த அதிர்ச்சியைத்தான் அளக்க முயன்றது. ஆப்பிரிக்க நாடுகள் பல .375ஐக் குறைந்தபட்ச அளவாக வைத்திருப்பதும் இதனால்தான். ஆழம் இருந்த பிறகே அகலத்துக்கு மதிப்பு என்பதை இந்த எதிர்வாதம் மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

விலங்கின் உடலைப் படித்தல்

யானையின் தலை பெரிது; மூளை சிறிது. ஐந்து கிலோ அளவுள்ள அந்த மூளை தலையின் பின்பகுதியில், இரு காதுத் துளைகளுக்கு நடுவே தாழ்வாக இருக்கிறது. அதற்கு முன்னால் தேன்கூடு போன்ற காற்றறைகள் நிறைந்த எலும்பு. நேர் எதிரே நின்று சுடும் குண்டு இந்த எலும்பை அரை மீட்டருக்கும் மேல் துளைத்தாக வேண்டும். இலங்கை யானையின் நெற்றியில் பலித்த வேட்டு ஆப்பிரிக்க யானையிடம் அநேகமாகப் பலிக்கவில்லை என்று பேக்கரே பின்னாளில் எழுதினார். மண்டையின் அமைப்பு வேறு. காட்டெருமையின் சிக்கல் வேறு மாதிரி. அதன் தோளுக்கு மேல் எழும் திமில் வெறும் முதுகெலும்பு முட்களும் தசையும்தான். இதயம் மார்பின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. உடலின் நடுவைக் குறிவைப்பவர் திமிலையும் சேர்த்து நடுவைக் கணக்கிட்டால் குண்டு உயரத்தில் போய்விடும். கரடியின் நீண்ட மயிர் உடலைப் பெரிதாகக் காட்டும். விளிம்பில் பட்ட குண்டு மயிரை மட்டும் சீவிக்கொண்டு போகும். புலி இவற்றோடு ஒப்பிட மெலிந்த உடல். அதற்கு முழு உறைக் குண்டைச் சுட்டால் ஊசிபோல் துளைத்து மறுபக்கம் போய்விடும், புலி நூறு மீட்டர் ஓடவும் திருப்பித் தாக்கவும் தெம்போடு இருக்கும்.

கல்வராயனுக்கு மிக நெருங்கிய கேள்வி காட்டுப்பன்றியுடையது. வளர்ந்த ஆண் பன்றியின் தோளிலிருந்து விலா வரை தோலுக்குக் கீழே கெட்டியான நார்த்திசுக் கவசம் ஒன்று இருக்கிறது. ஆண்கள் தமக்குள் தந்தத்தால் குத்திக்கொள்ளும் சண்டையைத் தாங்க இயற்கை தந்த இந்தக் கவசம் சில இடங்களில் மூன்று சென்டிமீட்டர் வரைகூடத் தடித்திருக்கும். இதயமும் நுரையீரலும் இருப்பது இதற்குப் பின்னால்தான். நாட்டுத் துப்பாக்கியிலிருந்து வரும் ஆறு மி.மீ. எஃகு உருண்டைக்கு முன்பு போட்ட கணக்கைப் போட்டால் சதுர மி.மீட்டருக்கு வெறும் 31 மில்லிகிராம்; .375 குண்டில் உள்ளதில் ஒன்பதில் ஒரு பங்கு. உருண்டை காற்றில் வேகத்தை இழப்பதும் விரைவு. அது கவசத்தில் சிக்கும், குடலில் இறங்கும், கால் எலும்பை உடைக்கும்; இதயத்தை அடைவது தற்செயல். எத்தனை உருண்டை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. பத்து ஆழமற்ற துளைகள் சேர்ந்து ஓர் ஆழமான துளை ஆவதில்லை. பன்றி கரும்புக்குள் புகுந்து சீழ்பிடித்துச் சாகும், அல்லது மறுநாள் அதிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர்மீது பாயும். பயிர் காக்க வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த உரிமம் பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும் இடைவெளியில்தான் இந்த ஆயுதம் உயிர்வாழ்கிறது.

காயம்பட்ட விலங்கின் விலை என்ன என்பதற்கு மிகத் தெளிவான சான்று இந்தியாவிலேயே உண்டு. நேபாளத்திலும் குமாவுன் மலையிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் ஜிம் கார்பெட் சுட்டபோது, அதன் வாயின் வலப்பக்கத்தில் மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்ததைக் கண்டார். பழைய துப்பாக்கிக் காயம்தான் காரணம் என்றும், இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரிடம் திரும்பியது அதனாலேயே என்றும் அவர் எழுதினார். யாரோ ஒருவர் சுட்ட, உயிர்நிலையை அடையாத ஒரு குண்டுக்கு நூற்றுக்கணக்கான மனித உயிர்கள் விலையாயின. கல்வராயனுக்கு மேற்கே சித்தேரி மலைகளிலும் தர்மபுரிக் காடுகளிலும் வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சனின் நூல்களிலும், ஆட்கொல்லி ஆன கதைக்குப் பின்னால் பழைய காயம் ஒரு காரணமாக வந்துகொண்டே இருக்கிறது.

மறுப்புகளும் விடைகளும்

குறி சரியாக இருந்தால் எந்தக் குண்டும் போதும் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் விலங்குக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் ஆபத்தான விலங்கைச் சுட நேரும் சூழலில் அது பெரும்பாலும் புதர்மறைவில், சாய்கோணத்தில், ஓட்டத்தில் இருக்கிறது. சாய்கோணத்தில் இதயத்துக்குப் போகும் வழி இரண்டு மடங்கு நீளும். வயிறும் தசையும் எலும்பும் குறுக்கே வரும். நல்ல குறியை நல்ல முடிவாக மாற்றுவது குண்டின் வேலை. ஆழம் போகும் குண்டு விலங்கைக் கடந்து மறுபக்கத்தில் இருப்பவரைத் தாக்குமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. கிராமத்து ஓரத்தில், தேடுதல் குழு சுற்றி நிற்கையில், இது நிஜமான ஆபத்து. இதற்கு விடை, ஆழத்தைக் கைவிடுவது அல்ல. விலங்குக்கு ஏற்ற கட்டுமானத்தைத் தேர்வது. ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் 1940களின் பிற்பாதியில் குண்டின் நடுவே ஓர் உலோகத் தடுப்பை வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் தள்ளவும் செய்தார். பிறகு ஈயத்தை உறையோடு இணைத்து வார்த்த குண்டுகளும், முழுக்கச் செம்பாலான குண்டுகளும் வந்தன. புலிக்கும் பன்றிக்கும் இவை பேக்கர் விரும்பியதைச் செய்கின்றன: எலும்பைத் தாண்டி, அளவாக விரிந்து, ஆற்றலைப் பெரும்பாலும் உள்ளேயே செலவழிக்கின்றன. செம்புக் குண்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இறந்த உடலைத் தின்னும் பாறுக் கழுகுகளின் வயிற்றில் ஈயத்தூள் சேராது. கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுவதும் விலக்கியது அந்தக் காரணத்தால்தான்.

மயக்க ஊசி இருக்கும்போது துப்பாக்கி எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. மனிதநேயம் உள்ள மறுப்பு. டி23 புலியை உயிரோடு பிடித்தது அது சாத்தியம் என்பதைக் காட்டியது. சட்டமும் அதற்கே முதலிடம் தருகிறது. ஆனால் மயக்க மருந்து வேலை செய்யப் பல நிமிடங்கள் ஆகும். ஊசி எறியும் துப்பாக்கியின் தூரமோ குறைவு. அந்த இடைவெளியில் குழுவுக்குக் காவலாக நிற்பவர் கையில் இருக்க வேண்டியது தேர்ந்தெடுத்த குண்டுள்ள ரைபிள்தான். ஊசியும் குண்டும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. துப்பாக்கியை அடியோடு ஒழித்துவிட்டால் விலங்கு தப்பிக்கும் என்பது இன்னொரு மறுப்பு. அதற்குத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பதில் சொல்கிறது: 2023 மார்ச்சில் அங்கே பயிருக்குப் போட்ட கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. மின்வேலியும், பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் எந்த விலங்கு என்றே பார்ப்பதில்லை. விவசாயியின் இழப்புக்கு விரைவான, பொறுப்பான விடை இல்லாத இடத்தில் ஓர் ஆயுதம் போனால் அதைவிட மோசமானது வரும்.

அரசு செய்ய வேண்டியது

இப்போது ஹேக் மாநாட்டு விதிக்குத் திரும்பலாம். அவசரத்தில் காவல் துறைக் கிடங்கிலிருந்து எடுத்துத் தரப்படும் 5.56 மி.மீ. குண்டு நான்கு கிராம், சதுர மி.மீட்டருக்குச் சுமார் 157 மில்லிகிராம். 7.62இல் 200ஐத் தொடும். இரண்டும் முழு உறையிட்டவை, கூர்முனை உள்ளவை, மனிதரை எதிர்நோக்கிச் செய்தவை. புலிக்கு விரியாது, யானைக்கு ஆழம் போதாது. இதற்கு மாறாக, அரசுத் தொழிற்சாலைகள் குடிமக்களுக்கென்றே செய்து விற்கும் .315 ரைபிளின் மென்முனைக் குண்டு 15.8 கிராம், அதன் எண் 280க்கு மேல். பன்றிக்கும் சிறுத்தைக்கும் உள்நாட்டிலேயே கிடைக்கும் தகுந்த விடை அது. யானையும் காட்டெருமையும் உள்ள வனக்கோட்டங்களில் .375 அளவாவது, கெட்டிக் குண்டோடு, காவலுக்கென இருக்க வேண்டும்.

விதியும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1972 சட்டம் முதலில் வந்தபோது, உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கூடப் பெரிய விலங்குகளை ரைபிளால்தான் சுட வேண்டும், சிறப்பு அனுமதி இருந்தால் மட்டும் ஒற்றைக் குண்டிட்ட துப்பாக்கியால் சுடலாம் என்று 17ஆம் பிரிவு சொன்னது. 1991இல் உரிம வேட்டை நீங்கியபோது அந்தப் பிரிவும் நீங்கிவிட்டது. வேட்டைக்காரனுக்கு ஒரு காலத்தில் விதித்த கட்டுப்பாடு இன்று அரசின் துப்பாக்கிக்காரருக்கும் வேண்டும். எந்த விலங்குக்கு எந்த அளவு, எந்தக் கட்டுமானம் என்ற எழுத்துப்பூர்வமான அட்டவணை. கோட்டத்துக்குச் சிலராவது, ஆண்டுதோறும் தேர்வு எழுதிச் சுடும் பயிற்சி பெற்றவர்கள். சுடப்பட்ட ஒவ்வொரு விலங்கின் பிரேதப் பரிசோதனையிலும் குண்டு போன வழி, நின்ற இடம், மீட்ட குண்டின் எடை ஆகியவற்றின் பதிவு. இந்தப் பதிவு சேர்ந்தால் சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கணக்கையும் ஆங்கிலேயர் நூல்களையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பன்றிக்கும் கரடிக்கும் நம் சொந்தச் சான்று கிடைக்கும். நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்போடு, பயிர்ச் சேதப் புகாருக்கு இத்தனை நாளுக்குள் ஆள் வரும் என்ற உறுதியும் சேர வேண்டும். அது இல்லாமல் மலைக்காரர் எதை நம்பித் துப்பாக்கியைக் கொடுப்பார்?

இந்த ஏற்பாடு வெற்றியா தோல்வியா என்பதை அளக்க மூன்று எண்கள் போதும்: சுடப்பட்டவை எத்தனை, அங்கேயே விழுந்தவை எத்தனை, காயத்தோடு தப்பியவை எத்தனை. முதல் இரண்டு எண்கள் எந்தத் துறை அறிக்கையிலும் எளிதில் இடம்பெறும். மூன்றாவதை ஒளிக்காமல் எழுதி, அதைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டு குண்டைத் தேரும் துறைதான் விலங்குக்கும் நியாயம் செய்யும், விலங்கோடு எல்லை பகிர்ந்து வாழும் மனிதருக்கும் நியாயம் செய்யும்.